கட்டுநாயக்கவிலிருந்து ரொறன்ரோவுக்கு எத்தனை மணித்தியாலம்? தூரமும் பயண நேரமும் கணக்குப் போடும் முழு வழிகாட்டி

கொழும்பிலிருந்து ரொறன்ரோ போக எவ்வளவு நேரம் எடுக்கும் என்று வெள்ளவத்தையில் மூன்று பேரிடம் கேட்டுப் பாருங்கள். ஒருவர் பதினொரு மணித்தியாலம் என்பார், ஒருவர் பத்தொன்பது என்பார், மூன்றாமவர் இருபத்தெட்டு, இருபத்தொன்பது என்று சத்தியம் செய்வார். மூவரும் பொய் சொல்லவில்லை. முதலாமவர் டிக்கெட்டில் இருக்கும் இரண்டு நேரங்களை நேராகக் கழித்திருக்கிறார். இரண்டாமவர் பிளேன் பறக்கும் நேரத்தை மட்டும் கூட்டியிருக்கிறார். மூன்றாமவர் வீட்டுப் படி இறங்கியதிலிருந்து ஸ்காபரோவில் அக்கா வீட்டுக் கதவு திறக்கும் வரை எண்ணியிருக்கிறார்.

இந்த மூன்றையும் வேறு வேறாக, சரியான ஒழுங்கில் கணக்குப் போடுவது எப்படி என்பதுதான் கீழே இருப்பது. உதாரணத்துக்குக் கட்டுநாயக்க–ரொறன்ரோவை எடுத்திருக்கிறேன். நம் ஆட்கள் அதிகம் போய்வரும் நீண்ட பயணங்களில் அதுவும் ஒன்று, புதிதாகப் போகிறவர் தடுமாறும் இடங்கள் எல்லாமே அதற்குள் வந்துவிடும். மெல்பேர்ண், பாரிஸ், ஒஸ்லோ எதுவானாலும் முறை இதேதான், எண்கள் மட்டும் மாறும்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

டிக்கெட், அல்லது ஏஜென்சி அனுப்பிய பயண விபரம். அதன் முழு பிடிஎஃப் வேண்டும், வாட்ஸ்அப்பில் யாரோ வெட்டி அனுப்பிய படம் போதாது, ஏனென்றால் வெட்டும்போது பெரும்பாலும் திகதியும் "+1" என்ற சின்னக் குறியும்தான் போய்விடுகின்றன. ஒரு தாள், ஒரு பேனை. சைன், கொஸ் உள்ள கல்குலேட்டர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

1. எந்த விமான நிலையம் என்பதை முதலில் உறுதி செய்யுங்கள்

ஊர் பெயரை வைத்துக் கணக்குத் தொடங்காதீர்கள். மூன்றெழுத்துக் குறியீட்டை வைத்துத் தொடங்குங்கள். கட்டுநாயக்கவுக்கு சி-எம்-பி. ரொறன்ரோ பியர்சனுக்கு வை-வை-இசட். ரொறன்ரோவில் ஏரிக்கரைப் பக்கம் பில்லி பிஷப் என்று இன்னொரு சிறிய விமான நிலையம் இருக்கிறது, அதன் குறியீடு வை-டி-இசட் (YTZ). ஓர் எழுத்துத்தான் வித்தியாசம்.

லண்டன் இதைவிட மோசம். ஹீத்ரோ, கட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன் என்று பல இருப்பது தெரிந்த கதை. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலேயே லண்டன் என்று ஒரு நகரம் இருக்கிறது, அதற்கும் சொந்தமாக விமான நிலையம் உண்டு. தேடும் பெட்டியில் லண்டன் என்று அடித்து முதலில் வருவதைத் தொட்டால், எந்த லண்டன் என்று இரண்டாம் தரம் பார்க்க வேண்டும்.

நம் பக்கத்திலும் ஒரு விஷயம். கொழும்பு என்று டிக்கெட்டில் இருந்தாலும் நீங்கள் ஏறப்போவது கொழும்பில் இல்லை, நகரத்துக்கு வடக்கே நீர்கொழும்புக்குப் பக்கத்தில். இது எட்டாம் படியில் திரும்ப வரும்.

2. நேர்த்தூரத்தை எடுங்கள், ஆனால் சுவர் வரைபடத்தில் அளக்காதீர்கள்

சுவரில் தொங்கும் உலக வரைபடத்தில் அடிமட்டத்தை வைத்துக் கோடு இழுத்தால், அது அரபிக் கடலைக் கடந்து ஆபிரிக்காவின் வட பகுதி, அத்திலாந்திக் என்று போய் ரொறன்ரோவில் முட்டும். அது குறுகிய பாதை இல்லை. உருண்டையான பூமியைத் தட்டையாக விரிக்கும்போது வடக்குப் பக்கம் எல்லாம் அளவுக்கு மீறி இழுபட்டிருக்கும், ஆகவே அந்த வரைபடத்தில் நேராகத் தெரியும் கோடு நிலத்தில் சுற்றுப்பாதைதான்.

பிள்ளைகளின் பூகோள உருண்டை ஒன்றை எடுத்து, ஒரு நூலைக் கொழும்பில் ஒரு விரலாலும் ரொறன்ரோவில் மற்ற விரலாலும் பிடித்து இறுக்குங்கள். நூல் எங்கே போகிறது என்று பாருங்கள்: தமிழ்நாடு, கர்நாடகா, மகாராஷ்டிரா, ராஜஸ்தான் என்று இந்தியாவின் உள்நிலம் வழியாக ஏறி, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், கஸகஸ்தான், ரஷ்யாவின் வடக்கு, நோர்வேயின் தலைப்பகுதி, அப்புறம் கிரீன்லாந்து, அங்கிருந்து கியூபெக் வழியாகக் கீழே இறங்குகிறது. அதிகபட்சம் வடக்கு 72 பாகை வரை ஏறுகிறது. கொழும்பிலிருந்து கனடாவுக்கு மேற்கே போக வேண்டும் என்று நினைப்போம், உண்மையில் புறப்படும் திசை கிட்டத்தட்ட வடக்கு.

எண்ணாக வேண்டுமென்றால் மூன்று வழிகள். கிரேட் சர்க்கிள் மெப்பர் என்ற இணையதளத்தில் இரண்டு குறியீட்டையும் கொடுத்தால் உடனே வரும். கூகுள் ஏர்த்தில் அளவுகோல் கருவியால் ஒரு புள்ளியிலிருந்து மற்றதற்கு இழுக்கலாம். மூன்றாவது கையால் போடுவது. அது ஒரு முறை செய்து பார்க்க வேண்டியது, ஏனென்றால் மற்ற இரண்டும் தவறான எண் தந்தால் கண்டுபிடிக்க அதுதான் உதவும்.

கட்டுநாயக்க: வடக்கு 7.18 பாகை, கிழக்கு 79.88 பாகை. பியர்சன்: வடக்கு 43.68 பாகை, மேற்கு 79.63 பாகை. ஒன்று கிழக்கு, மற்றது மேற்கு என்பதால் நெடுங்கோட்டு வித்தியாசம் இரண்டையும் கூட்டினால் வரும்: 159.51 பாகை. இனி,

(சைன் 7.18 × சைன் 43.68) + (கொஸ் 7.18 × கொஸ் 43.68 × கொஸ் 159.51)

இதன் விடை கிட்டத்தட்ட −0.586. அதற்குத் தலைகீழ் கொஸ் எடுத்தால் 125.86 பாகை. பூமியில் ஒரு பாகை ஏறக்குறைய 111.2 கிலோமீற்றர். பெருக்கினால் 14,000 கிலோமீற்றருக்கு மயிரிழை குறைவு. 14,000 என்றே வைத்துக்கொள்வோம்.

இதில் எல்லோரும் விடும் பிழை இரண்டு. ஒன்று, கல்குலேட்டர் பாகையில் இல்லாமல் ரேடியனில் நிற்பது, அப்போது வரும் எண்ணுக்கு அர்த்தமே இருக்காது, அதனால் சீக்கிரம் பிடிபட்டுவிடும். மற்றது பொல்லாதது: மேற்கு என்பதை மறந்து 79.88இலிருந்து 79.63ஐக் கழிப்பது. விடை 4,060 கிலோமீற்றர் அளவில் வரும், பார்க்க நியாயமான எண் போலவே இருக்கும். ஆனால் நீங்கள் போய் நிற்கும் இடம் ரொறன்ரோ இல்லை, அல்மாட்டிக்குக் கிழக்கே கஸகஸ்தான்–சீன எல்லை. கொழும்பும் ரொறன்ரோவும் கிட்டத்தட்ட ஒரே எண்ணின் கிழக்கிலும் மேற்கிலும் இருப்பதால் இந்தப் பயணத்தில் மட்டும் இந்தக் குழி இவ்வளவு ஆழம். எக்செல்லில் போடுகிறவர்கள் மேற்கு நெடுங்கோட்டுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டாயிற்றா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.

அலகையும் பாருங்கள். இதே தூரம் சாதாரண மைலில் சுமார் 8,700, விமானிகள் பாவிக்கும் கடல் மைலில் சுமார் 7,560. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீற்றர், சாதாரண மைல் 1.609. ஓரிடத்தில் 7,560 என்றும் இன்னோரிடத்தில் 14,000 என்றும் கண்டால் அலகு மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

3. நீங்கள் உண்மையில் பறக்கும் தூரத்தைத் துண்டு துண்டாகக் கூட்டுங்கள்

14,000 என்பது நூல் பிடித்த தூரம். கட்டுநாயக்கவிலிருந்து ரொறன்ரோவுக்கு நேரடிச் சேவை கிடையாது, எங்கேயோ இறங்கி மாற வேண்டும். ஆகவே ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே எடுத்துக் கூட்ட வேண்டும்.

டுபாய் வழியாக: கட்டுநாயக்க–டுபாய் சுமார் 3,290, டுபாய்–ரொறன்ரோ சுமார் 11,080. மொத்தம் 14,370.

லண்டன் ஹீத்ரோ வழியாக: 8,710, அப்புறம் 5,710. மொத்தம் 14,420.

டோக்கியோ வழியாக: கிட்டத்தட்ட 6,900, அப்புறம் 10,300. மொத்தம் 17,200.

முதல் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் ஐம்பது கிலோமீற்றர். "டுபாய் போவது சுற்று, லண்டன் போனால்தான் நேர் வழி" என்று எத்தனை பேர் சொல்லக் கேட்டிருப்பீர்கள், இரண்டுமே நேர்த்தூரத்தைவிட நானூறு கிலோமீற்றர் அளவுதான் அதிகம், அதாவது அரை மணித்தியாலப் பறப்பு. ஆகவே இந்த இரண்டுக்குமிடையில் தெரிவு செய்யத் தூரத்தைப் பார்க்கத் தேவையே இல்லை. இடைத்தங்கல் நேரம், விசா, விலை, பெட்டி எடை, இவைதான் தீர்மானிக்கும். கிழக்குப் பக்கமாகப் போவது மட்டும் உண்மையான சுற்று, மூவாயிரம் கிலோமீற்றருக்கு மேல்.

இன்னொன்று, பிளேன் இந்தக் கோட்டிலேயே அச்சுப் பிசகாமல் போகாது. காற்று, வான்வழி மூடல், நெரிசல் பார்த்து வளையும். 2022இலிருந்து பல நாட்டு விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடியிருக்கிறது. ஃபிளைட்ரேடார்24 என்ற இணையதளத்தில் அந்தச் சேவையின் கடந்த சில நாள் பாதைகளைப் பார்த்தால் எவ்வளவு வளைகிறது என்று தெரிந்துவிடும்.

4. தூரத்தை நேரமாக்குங்கள்

பெரிய ஜெட் விமானம் மேலே மணிக்கு 900 கிலோமீற்றர் அளவில் போகும். ஆனால் 14,370ஐ 900ஆல் பிரித்தால் கிடைப்பது உதவாத எண். ஓடுபாதை வரை ஊர்வது, ஏறுவது, இறங்குவது எல்லாம் மெதுவாக நடக்கும், டிக்கெட்டில் போடும் நேரமோ வாசல் மூடி நகர்ந்ததிலிருந்து மறுபக்கம் போய் நிற்கும் வரைக்குமானது.

நான் பாவிக்கும் கணக்கு: ஒவ்வொரு துண்டின் தூரத்தையும் 850ஆல் பிரித்து, அரை மணித்தியாலம் கூட்டு. இது ஒவ்வொரு துண்டுக்கும் தனியே, மொத்தத்துக்கு ஒரு தரம் இல்லை. இரண்டு தரம் ஏறி இரண்டு தரம் இறங்குகிறீர்கள்.

சென்னையில் சோதித்துப் பார்ப்போம். கட்டுநாயக்க–சென்னை 650 கிலோமீற்றருக்குக் கிட்ட. 850ஆல் பிரித்தால் 46 நிமிடம், அரை மணி கூட்டினால் ஒன்றேகால். டிக்கெட்டில் ஒரு மணி இருபது, இருபத்தைந்து நிமிடம் என்று போட்டிருப்பார்கள். சரியாக வருகிறது. இவ்வளவு குறுகிய பயணத்தில் நேரத்தின் பெரும் பங்கு ஊர்வது, ஏறுவது, இறங்குவதிலேயே போகிறது என்பதையும் கவனியுங்கள்.

இனி ரொறன்ரோ. கட்டுநாயக்க–டுபாய்: 3 மணி 52 நிமிடம் கூட்டல் 30, நாலு மணி இருபது நிமிடம். டுபாய்–ரொறன்ரோ: 13 மணி கூட்டல் 30, பதின்மூன்றரை.

இங்கே காற்றைச் சேர்க்க வேண்டும். பிளேன் பறக்கும் உயரத்தில் நடு அகலக்கோடுகளில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமான காற்றோட்டம் இருக்கிறது, குளிர்காலத்தில் இன்னும் பலம். மேற்கே போகும்போது அது எதிர்க்காற்று, வரும்போது பின்னாலிருந்து தள்ளும். ஆகவே போகும்போது ஐந்து, ஆறு வீதம் கூட்டுங்கள், திரும்பும்போது அதே அளவு குறையுங்கள். போக: டுபாய்க்கு நாலே முக்கால் வரை, அங்கிருந்து ரொறன்ரோவுக்குப் பதினாலேகால் வரை. திரும்பி வர: பன்னிரண்டே முக்கால், அப்புறம் நாலேகால். ஒரு பக்கத்துக்கு மாத்திரம் பார்த்துவிட்டு இரண்டால் பெருக்குகிறவர்கள் இங்கேதான் பிழைவிடுகிறார்கள், போகவர வித்தியாசம் இரண்டு மணித்தியாலம்.

டிக்கெட் கையில் இருந்தால் அதிலுள்ள நேரம்தான் இறுதி. பிறகு ஏன் இந்தக் கணக்கு என்றால், டிக்கெட்டில் இருப்பது உங்கள் கணக்கிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல் விலகினால் ஏதோ இருக்கிறது: ஒன்றில் நடுவே சொல்லாத தரிப்பு, அல்லது நீங்கள் நேர வலயத்தைச் சேர்க்க மறந்திருக்கிறீர்கள்.

5. இடைத்தங்கலைச் சேருங்கள், ஆனால் அது ஒரே டிக்கெட்டா என்று பார்த்துவிட்டு

இரண்டு பறப்பும் ஒரே முன்பதிவு இலக்கத்தில் இருந்தால், பெட்டி பொதுவாக ரொறன்ரோ வரை நேரே போகும், முதல் பிளேன் சுணங்கி அடுத்தது தவறினால் வேறொன்றில் ஏற்றுவது விமானக் கம்பனியின் பொறுப்பு. அப்படியென்றால் இரண்டு மணித்தியால இடைவெளி போதும்.

மலிவாக இருக்கிறது என்று இரண்டு டிக்கெட்டைத் தனித்தனியே வாங்கினால் கதை வேறு. இடையில் பெட்டியை எடுத்துத் திரும்பக் கொடுக்க வேண்டி வரலாம், அதற்கு அந்த நாட்டுக்குள் நுழையும் விசா தேவைப்படலாம், தவறவிட்டால் இரண்டாவது டிக்கெட்டின் காசு போனதுதான். அப்படிப் போவதானால் ஐந்து, ஆறு மணித்தியாலத்துக்குக் குறைவாக வைக்காதீர்கள். மிச்சம் பிடித்த காசு அந்த இருப்பிலேயே போய்விடும் என்பது என் அபிப்பிராயம், ஆனால் இருபது வயதில் முதுகுப் பையோடு மட்டும் போகிறவருக்கு அது பொருந்தாது.

இலங்கைப் பாஸ்போர்ட்டில் போகிறவர்கள் இந்தப் படியிலேயே ட்ரான்சிட் விசாவையும் பார்த்துவிடுங்கள். அமெரிக்க விமான நிலையம் ஒன்றில் மாறுவதானால், வெளியே வராவிட்டாலும் விசா வேண்டும். லண்டனில் மாறுவதற்கும் விதி இருக்கிறது, கனடா விசா வைத்திருப்பவருக்கு விலக்குக் கிடைக்கலாம், அதைப் பிரித்தானிய அரசின் இணையதளத்திலேயே பாருங்கள், "போன மாதம் என் மச்சான் போனார், ஒன்றும் கேட்கவில்லை" என்பதை நம்பி டிக்கெட் போடாதீர்கள். நேரக் கணக்கில் ஏன் விசா என்றால், விசா சரிவராவிட்டால் பாதை மாறும், பாதை மாறினால் மேலே போட்ட எல்லாமே திரும்பப் போட வேண்டும்.

6. கடிகாரங்களைக் கழிக்காதீர்கள், எல்லாவற்றையும் கிரீனிச் நேரத்துக்கு மாற்றுங்கள்

டிக்கெட்டில் இருக்கும் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர் நேரம். புறப்படும் நேரம் கொழும்புக் கடிகாரத்தில், சேரும் நேரம் ரொறன்ரோக் கடிகாரத்தில். இரண்டையும் கழித்தால் வருவதுதான் அந்தப் "பதினொரு மணித்தியாலம்".

கிரீனிச் நேரம் என்பது உலகக் கடிகாரங்களுக்கெல்லாம் பொதுவான அடிப்படை நேரம். இலங்கை கிரீனிச்சுக்கு ஐந்தரை மணித்தியாலம் முன். டுபாய் நாலு முன், வருடம் முழுவதும் அதே. ரொறன்ரோ குளிர்காலத்தில் ஐந்து பின், கோடையில் நாலு பின். ஆக நமக்கும் ரொறன்ரோவுக்கும் குளிர்காலத்தில் பத்தரை, கோடையில் ஒன்பதரை.

ஜனவரி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றுக்கு, கணக்குக்காக ஒரு பயணத்தை வைத்துப் போடுவோம். தாளில் மூன்று நிரல்: ஊர் நேரம், கிரீனிச் நேரம், நாள்.

கட்டுநாயக்க புறப்பாடு: இரவு 10.00. கிரீனிச்சில் மாலை 4.30, வெள்ளி.
டுபாய் வருகை (4.45 கழித்து): கிரீனிச் இரவு 9.15, வெள்ளி. டுபாயில் அதிகாலை 1.15, சனி.
டுபாய் புறப்பாடு (2.15 இருப்பு): கிரீனிச் இரவு 11.30, வெள்ளி. டுபாயில் அதிகாலை 3.30, சனி.
ரொறன்ரோ வருகை (14.15 கழித்து): கிரீனிச் பகல் 1.45, சனி. ரொறன்ரோவில் காலை 8.45, சனி.

கிரீனிச் நிரலை மட்டும் பாருங்கள்: வெள்ளி மாலை 4.30இலிருந்து சனி பகல் 1.45. மொத்தம் 21 மணி 15 நிமிடம். துண்டுகளைக் கூட்டிப் பார்த்தாலும் 4.45, 2.15, 14.15, அதே 21.15. இரண்டும் ஒத்துவந்தால் கணக்குச் சரி. ஒத்துவராவிட்டால் பெரும்பாலும் ஒரு மணித்தியாலத்தால் பிசகும், அப்படியானால் கோடைகால நேர மாற்றத்தைப் பாருங்கள். அரை மணித்தியாலத்தால் பிசகினால் இலங்கையின் அந்த அரையை எங்கோ விட்டுவிட்டீர்கள்.

கோடைகால மாற்றம் நம் நாட்டில் இல்லாததால் நமக்கு அது நினைவுக்கே வராது. ரொறன்ரோவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை முன்னே தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுப்பார்கள். பிரித்தானியாவிலும் ஐரோப்பாவிலும் அது மார்ச் கடைசி ஞாயிறு, ஒக்டோபர் கடைசி ஞாயிறு. 2026இல் என்றால் ரொறன்ரோ மார்ச் 8, லண்டன் மார்ச் 29. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள மூன்று கிழமையும் லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் வித்தியாசம் வழக்கமான ஐந்து இல்லை, நாலு. லண்டன் வழியாகப் போகிறவர் மார்ச்சில் பழைய டிக்கெட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டால் இங்கே இடறுவார். அவுஸ்திரேலியா போகிறவர்களுக்கு எல்லாம் எதிர்ப்பக்கம்: சிட்னி, மெல்பேர்ணில் ஒக்டோபர் முதல் ஞாயிறு தொடங்கி ஏப்ரல் முதல் ஞாயிறு முடியும், பிரிஸ்பேனில் மாற்றமே இல்லை.

7. திகதியைத் தனியாக, சத்தமாக வாசியுங்கள்

இதை ஒரு தனிப் படியாக வைத்ததற்குக் காரணம், மற்றப் பிழைகள் எல்லாம் குழப்பம் மட்டும் தரும், இது காசைத் தின்னும்.

கட்டுநாயக்கவிலிருந்து நள்ளிரவு தாண்டிப் புறப்படும் பிளேன்கள் பல உண்டு. டிக்கெட்டில் "15, வியாழன், 00.40" என்று இருக்கும். வியாழன் இரவுதான் பயணம் என்று நினைத்துப் புதன் இரவு நிம்மதியாகத் தூங்குவார்கள், வியாழன் காலை எழும்பும்போது பிளேன் ஆகாயத்தில். 00.40 என்பது புதன் இரவின் தொடர்ச்சி. புதன் 14ஆம் திகதி இரவு ஒன்பதரைக்கு நீங்கள் விமான நிலையத்தில் நிற்க வேண்டும்.

இரவு பன்னிரண்டுக்கும் விடியற்காலை ஐந்துக்கும் இடையில் எந்த நேரத்தைக் கண்டாலும், நாட்காட்டியில் அதற்கு முந்தைய நாளைச் சுற்றிப் பேனையால் வட்டம் போட்டு "இன்றிரவு வீட்டிலிருந்து வெளிக்கிட வேண்டும்" என்று எழுதிவிடுங்கள். வான் பிடிப்பதும் அந்தத் திகதிக்குத்தான். வான்காரரிடம் "15ஆம் திகதி பன்னிரண்டு நாற்பதுக்கு பிளேன்" என்று சொன்னால் அவர் பகல் பன்னிரண்டு நாற்பது என்று எடுத்துக்கொண்டாலும் ஆச்சரியப்படாதீர்கள். "14ஆம் திகதி புதன், இரவு எட்டு மணிக்கு வீட்டு வாசலில்" என்று சொல்லுங்கள்.

சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் +1 என்று இருந்தால், புறப்பட்ட நாளுக்கு அடுத்த நாள் என்று அர்த்தம். +2ம் வரும்.

8. வாசலிலிருந்து வாசலுக்கு

இப்போதுதான் அந்த மூன்றாமவரின் எண் வருகிறது. மேலே போட்ட அதே வெள்ளிக்கிழமை இரவுப் பயணத்தை எடுங்கள்.

இரவு பத்துக்குப் பிளேன் என்றால் ஏழுக்கு விமான நிலையத்தில். நீண்டதூரப் பயணத்துக்கு மூன்று மணித்தியாலம் முன்னே போகச் சொல்வது சும்மா இல்லை, பயணிகள் வரும் வாசலிலேயே முதல் பரிசோதனை வரிசை, அப்புறம் பெட்டி, அப்புறம் குடிவரவு. பெட்டி கொடுக்கும் இடம் வழக்கமாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்பே மூடிவிடும், ஆகவே எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தால் உங்களிடம் உள்ளது அரை மணித்தியாலம் மட்டும்.

வெள்ளவத்தையிலிருந்து ஏழுக்குப் போய்ச் சேர ஐந்துக்கு வெளிக்கிட வேண்டும். கட்டுநாயக்க அதிவேகப் பாதை 26 கிலோமீற்றருக்குக் கிட்ட, அதில் ஏறிவிட்டால் அரை மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். சிக்கல் ஏறும் வரைக்கும்தான். வெள்ளிப் பின்னேரம் காலி வீதியும் பேஸ்லைன் வீதியும் எப்படி இருக்கும் என்று கொழும்பில் இருப்பவருக்குச் சொல்லத் தேவையில்லை, அதிவேகப் பாதையில் ஏறும் பேலியகொட வரை மட்டுமே ஒரு மணித்தியாலம் போகலாம். மழை என்றால் இன்னும் அரை. அதே தூரம் இரவு பத்துக்குப் பிறகு முக்கால் மணித்தியாலம். கூகுள் மெப்பில் இப்போதைய நேரத்துக்குப் பார்க்காதீர்கள், புறப்படும் நேரத்தை மாற்றி, அதே கிழமை நாளுக்கு வைத்துப் பாருங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வருகிறவர்கள் அன்றே பஸ் பிடித்து நேரே கட்டுநாயக்க போகலாம் என்று திட்டம் போடாமல், ஒரு இரவு முன்னதாக வந்து நீர்கொழும்பிலோ கொழும்பிலோ தங்குவது நல்லது. யாழ்ப்பாணத்திலிருந்து நானூறு கிலோமீற்றர் பாதை, ஒரு டயர் வெடித்தாலும் கணக்கு முடிந்தது.

மறுபக்கம்: பியர்சனில் குடிவரவும் பெட்டியும் ஒன்றரை மணித்தியாலம் வையுங்கள். முதன்முதல் குடியேறப் போகிறவர், படிக்கப் போகிறவர் என்றால் தாள்கள் பார்ப்பதற்கு இன்னும் ஒரு மணித்தியாலம். அங்கிருந்து ஸ்காபரோ 401 நெடுஞ்சாலையில், சனி காலை என்பதால் முக்கால் அல்லது ஒரு மணித்தியாலம், கிழமை நாளில் அலுவலக நேரத்தில் அதைப்போல் இரண்டு மடங்கு.

கூட்டுங்கள்: வீட்டிலிருந்து விமான நிலையம் 2, அங்கே 3, பயணம் 21.15, பியர்சனில் 1.30, ஸ்காபரோவுக்கு 1. மொத்தம் 28 மணி 45 நிமிடம். மருந்து, குழந்தைக்குப் பால்மா, இன்சுலின், மாற்றுடுப்பு எல்லாம் இந்த எண்ணுக்குத்தான் எடுக்க வேண்டும், பத்தொன்பதுக்கு இல்லை. வயதான அம்மா அப்பாவை அனுப்புகிறவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள், சக்கர நாற்காலி உதவியையும் டிக்கெட் போடும்போதே கேட்டுவிடுங்கள், கவுண்டரில் போய்க் கேட்டால் காத்திருக்க வேண்டி வரும்.

9. திரும்பி வருவதை முதலிலிருந்து போடுங்கள்

போனதைக் கவிழ்த்துப் போட்டால் திரும்பும் கணக்கு வராது. காற்று மாறியிருக்கும், இடைத்தங்கல் மாறியிருக்கும், நாளும் எதிர்ப்பக்கம் ஓடும்.

சனி பகல் 2.00க்கு ரொறன்ரோ புறப்பாடு என்று வைப்போம், அதே ஜனவரி. கிரீனிச்சில் மாலை 7.00, சனி. பன்னிரண்டே முக்கால் பறந்தால் கிரீனிச் காலை 7.45, ஞாயிறு, டுபாயில் 11.45. மூன்று மணித்தியாலம் இருந்து 2.45க்கு ஏறி, நாலேகால் பறந்து கட்டுநாயக்கவில் இறங்கும்போது டுபாய்க் கடிகாரத்தில் இரவு 7.00, நம் கடிகாரத்தில் 8.30, ஞாயிறு. மொத்தம் சரியாக 20 மணித்தியாலம். டிக்கெட்டை அப்படியே கழித்தால் முப்பதரை என்று வரும், "போக பதினொன்று, வர முப்பதா" என்று தலை சுற்றும். போகும்போது ஒளிந்திருந்த பத்தரைதான் வரும்போது கூடுதலாகத் தெரிகிறது.

போகும்போது சனிக்கிழமை நீண்டுவிடும், வரும்போது ஒரு இரவு காணாமல் போகும். திங்கள் காலை வேலை என்று ஞாயிறு இரவு வந்து இறங்கும் டிக்கெட்டைப் போடுகிறவர்கள், முடியுமென்றால் சனிக்கு மாற்றுங்கள். கிழக்கே வரும் பயணத்துக்குப் பிறகு நித்திரை ஒழுங்காவதற்கு மேற்கே போனதைவிட அதிக நாள் எடுப்பது வழக்கம்.

கூட்டிப்போக வருகிறவருக்கு அனுப்பும் செய்தியில் மூன்று விஷயம் போதும்: விமான இலக்கம், கட்டுநாயக்கவில் இறங்கும் ஊர் நேரம், கிழமையோடு திகதி. "நாளை இரவு வருகிறேன்" என்று ரொறன்ரோவிலிருந்து அனுப்பாதீர்கள், நீங்கள் வெள்ளி இரவு அனுப்பும்போது இங்கே சனி விடிந்திருக்கும், உங்கள் நாளையும் அவர்கள் நாளையும் வேறு. டுபாயிலிருந்து புறப்படும் இரண்டாவது பிளேனின் இலக்கத்தைக் கொடுங்கள், ரொறன்ரோவிலிருந்து வந்ததின் இலக்கத்தை வைத்து கட்டுநாயக்க வருகைப் பலகையில் தேடினால் கிடைக்காது.